ஆபரேஷன் முடிஞ்சாச்சு... காலைக் கவனிச்சீங்களா?

புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்றால், வீட்டில் எல்லோருக்கும் கட்டியைப் பற்றித்தான் கவலை. "முழுசா எடுத்தாச்சா டாக்டர்? வேற எங்கேயும் பரவலையே?" - தியேட்டர் கதவு திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று அவர் சொன்ன பிறகுதான் போன உயிர் திரும்பி வரும்.

சந்தோஷம்தான். ஆனால், அந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க ஆரம்பிக்க வேண்டும். அது தையல் போட்ட இடத்தில் இல்லை. கொஞ்சம் கீழே, காலில் இருக்கிறது!

ஒரு வீட்டுக் காட்சியைப் பாருங்கள். (இது ஒரே வீட்டில் நடந்ததல்ல. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொல்கிறோம்.)

அம்மாவுக்கு 62 வயசு. கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷன். மறுநாள் காலையிலேயே நர்ஸ் வந்து, "அம்மா, மெதுவா எழுந்து உட்காருங்க. நாலு அடி நடந்து பார்க்கலாம்" என்கிறார். கூட இருந்த சித்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "தைச்ச இடத்துல ஈரம்கூடக் காயலை... அதுக்குள்ள நடக்கச் சொல்றாங்களே! நீ படுத்துக்கோ அக்கா, அசையாதே." மகளுக்கும் மனசு கேட்கவில்லை. தண்ணீர், சாப்பாடு, பெட்பேன் எல்லாமே படுக்கைக்கே வந்துவிடுகிறது.

எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். மருந்துச் சீட்டில், வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி இன்னும் மூன்று வாரத்துக்கு என்று எழுதியிருக்கிறது. "அதான் ஆஸ்பத்திரியிலேயே தினமும் குத்தினாங்களே... இன்னும் எதுக்கு? பாவம், எவ்வளவுதான் தாங்குவா" என்று அந்த ஊசியை மட்டும் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பதினாறாம் நாள். அம்மாவுக்கு இடது கால் மட்டும் வீங்கியிருக்கிறது. கெண்டைக்காலில் விண்விண்ணென்று வலி. "படுத்தே கிடந்ததுல நீர் கோத்துக்கிச்சு" என்று சித்தி தைலத்தைச் சூடு பண்ணி, அழுத்தி நீவிவிட உட்காருகிறார். நல்லவேளையாக, அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை டிஸ்சார்ஜ் ஷீட்டை எடுத்துப் படிக்கிறார். கடைசி வரி: 'ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே வரவும்.'

காரை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். டாப்ளர் ஸ்கேனில், முழங்காலிலிருந்து தொடை வரைக்கும் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்திருப்பது தெரிகிறது. டாக்டர் நிதானமாகச் சொல்கிறார்: "அழுத்தி நீவியிருந்தா, இது பிய்ச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம்மா."

இதில் யார் மேல் தப்பு? 'அசையாதே' என்றது, ஊசியை நிறுத்தியது, தைலம் தேய்க்கப் போனது எல்லாமே பாசத்தில் செய்ததுதான். அந்தப் பாசத்தைக் கொஞ்சம் திசைதிருப்பி விடுவதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

குழாய்க்குள் ஏன் உறைகிறது?

விரலில் கத்தி பட்டால் ரத்தம் கொஞ்ச நேரத்தில் தானாகவே உறைந்து நின்றுவிடும். அப்படி உறையாவிட்டால் நாம் பிழைக்கவே முடியாது. ஆனால், உறைய வேண்டியது காயத்தின் வாயில்தான். ஓடிக்கொண்டிருக்கும் குழாய்க்குள்ளேயே உறைந்தால் அதுதான் வினை. 'ப்ளட் க்ளாட்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

பெரும்பாலும் இது காலின் ஆழத்தில் இருக்கும் சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப் போகும் குழாய்களில் உண்டாகும். அங்கேயே இருந்தால் காலில் வீக்கம், வலி. அதிலிருந்து ஒரு துண்டு கழன்று ரத்தத்தோடு பயணப்பட்டு, இதயத்தைக் கடந்து, நுரையீரலின் குழாயில் போய் அடைத்துக்கொண்டால் மூச்சுத் திணறல், மயக்கம்... பெரிய துண்டாக இருந்தால் சில நிமிஷங்களில் உயிரே போகலாம்.

எப்போது இப்படி உறைகிறது? ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் மூன்று காரணங்களைப் படிக்கிறார்கள். ஒன்று, ரத்தம் ஓடாமல் தேங்குவது. இரண்டு, குழாயின் உட்சுவரில் அடிபடுவது. மூன்று, ரத்தமே சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறிவிடுவது. அவர் பிறந்த அக்டோபர் 13-ஆம் தேதியைத்தான் 2014 முதல் உலக ரத்த உறைவு தினமாக அனுசரிக்கிறார்கள்.

புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொள்கிறவரிடம் இந்த மூன்றும் ஒன்றாக வந்து சேருகின்றன! புற்றுநோய் செல்கள் ரத்தத்தை உறையத் தூண்டும் பொருட்களை வெளிவிடுகின்றன. அடிவயிற்றில் பெரிய கட்டி இருந்தால் அது பக்கத்துச் சிரைகளை அழுத்தி ரத்தத்தைத் தேங்க வைக்கிறது. கீமோதெரபி மருந்தும், மருந்து ஏற்றுவதற்காகப் பெரிய சிரையில் வைக்கும் குழாயும் உட்சுவரைப் பாதிக்கலாம். இதற்கு மேல் ஆபரேஷன்! மேஜைமேல் பல மணி நேரம் அசையாமல் கிடக்கிறோம். பிறகு படுக்கையில் நாள் கணக்கில்.

கெண்டைக்கால் சதையை 'இரண்டாவது இதயம்' என்பார்கள். நாம் நடக்கும்போதெல்லாம் அது சுருங்கி, காலில் இருக்கும் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. 'அசையாம படு' என்று நாம் சொல்லும்போது அந்த இரண்டாவது இதயத்தைத்தான் நிறுத்தி வைக்கிறோம்.

கண்டுபிடித்தவருக்கே வந்த நோய்

புற்றுநோய்க்கும் ரத்த உறைவுக்கும் உள்ள உறவு நேற்று இன்று கண்டுபிடித்ததல்ல. பாரிஸில் அர்மான் ட்ரூஸோ என்று ஒரு புகழ்பெற்ற மருத்துவர் இருந்தார். காரணமே இல்லாமல் சிரைகளில் ரத்தம் உறைந்தால், உடம்புக்குள் எங்கோ புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்று 1865-இல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். இரண்டே வருஷத்தில் அவருக்கே அப்படி ஒரு உறைவு வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். தன் முடிவு நெருங்கிவிட்டது என்று தன் சீடரிடம் சொன்னார். 1867-லேயே இரைப்பைப் புற்றுநோயால் இறந்துபோனார்.

அன்றைக்கு அவரால் தெரிந்துகொள்ள முடிந்தது, தடுக்க முடியவில்லை. இன்றைக்கு நம்மால் தடுக்க முடியும்.

நாய் ஈரலில் கிடைத்த மருந்து

1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததோ, ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் பொருள்! அந்த வழியில் வந்ததுதான் 'ஹெபாரின்'. நாயின் ஈரலிலிருந்து கிடைத்ததால், ஈரலுக்கான கிரேக்கச் சொல்லை வைத்து அந்தப் பெயர்.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குறைந்த அளவில் இதைக் கொடுத்தால் உயிர் காக்குமா? லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் இருந்த இந்திய வம்சாவளி டாக்டர் வி.வி.கக்கர் தலைமையில் பல நாடுகளில் பெரிய ஆய்வு நடந்தது. பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 4,121 பேர். 1975-இல் முடிவு வெளியானது. ஹெபாரின் போடாத பிரிவில் நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள் 16 பேர். போட்டுக்கொண்ட பிரிவில் 2 பேர்தான். ஆபரேஷனோடு இந்த ஊசியும் பழக்கத்துக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது பெரும்பாலும் போடுவது ஹெபாரினைப் பகுத்து எடுத்த 'எனாக்ஸபாரின்' போன்ற ஊசிகள். தினமும் ஒரு தடவை, வயிற்றுத் தோலுக்கு அடியில் போட்டால் போதும்.

வீட்டுக்கு வந்தபிறகும் ஏன்?

சித்தி கேட்ட கேள்வி நியாயமானது. 'ஆஸ்பத்திரியிலேயே ஒரு வாரம் போட்டாங்களே, போதாதா?'

போதாது என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். இத்தாலியில் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்த 2,373 பேரைக் கவனித்து 2006-இல் வெளியிட்டார்கள். வெளியே தெரியும்படி க்ளாட் வந்தவர்கள் 100-க்கு சுமார் 2 பேர்தான். எனவே யாரும் பீதியடைய வேண்டாம். ஆனால், வந்தவர்களில் 100-க்கு 40 பேருக்கு அது ஆபரேஷன் முடிந்து 21 நாளுக்குப் பிறகு வந்திருந்தது. அதாவது, 'இனிமே பயமில்லை' என்று எல்லோரும் மறந்துவிட்ட நேரத்தில்! இறந்தவர்களிடையே முதலிடத்தில் இருந்த காரணமும் இந்த க்ளாட்தான்.

இன்னொரு ஆய்வு 2002-இல் வந்தது. வயிறு, இடுப்புப் பகுதியில் புற்றுநோய் ஆபரேஷன் செய்துகொண்ட 332 பேர். எல்லோருக்கும் முதல் 6 முதல் 10 நாள் வரை எனாக்ஸபாரின். பிறகு மூன்று வாரம் ஒரு பிரிவுக்கு அதே ஊசி. இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. கடைசியில் எல்லோருக்கும் கால் சிரைகளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வெறும் ஊசிக்காரர்களில் 100-க்கு 12 பேரிடம் க்ளாட். மருந்தைத் தொடர்ந்தவர்களில் 100-க்கு 5 பேருக்கும் குறைவு.

இதனால்தான் வயிறு, இடுப்புப் பகுதியில் பெரிய புற்றுநோய் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு, மொத்தம் 4 வாரம் வரை தடுப்பு மருந்தைத் தொடரச் சொல்கிறார்கள். ஊசியே பிடிக்காதவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி. ஆரம்பத்தில் ஊசி போட்டுவிட்டுப் பிறகு அபிக்ஸபான், ரிவராக்ஸபான் மாத்திரைக்கு மாறுவதையும் ஒரு வழியாக அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2023-இல் சேர்த்திருக்கிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு வர்ற வியாதி" என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக உண்டு. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1996 முதல் 2005 வரையிலான பதிவுகளைப் பார்த்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 10,000 அட்மிஷனுக்கு சுமார் 17 பேரிடம் கால் சிரை உறைவு! அவர்களிடம் இருந்த முக்கியக் காரணங்களில் ஒன்று புற்றுநோய்.

யாருக்கு அதிக ஆபத்து?

அமெரிக்க சர்ஜன் ஜோசப் கேப்ரினி ஒரு மார்க் முறையை உருவாக்கினார். பல மருத்துவமனைகளில் இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதிலிருந்து சில:

* வயசு 41 முதல் 60 வரை - 1, 61 முதல் 74 வரை - 2, 75-க்கு மேல் - 3
* புற்றுநோய் - 2
* 45 நிமிஷத்துக்கு மேற்பட்ட பெரிய ஆபரேஷன் - 2
* மூன்று நாளைக்கு மேல் படுக்கையிலேயே இருந்தால் - 2
* பெரிய சிரையில் மருந்துக் குழாய் - 2
* அதிக உடல் எடை - 1
* கால் நரம்புச் சுருட்டல் - 1
* கருத்தடை அல்லது ஹார்மோன் மாத்திரை - 1
* முன்பு எப்போதாவது க்ளாட் வந்திருந்தால் - 3
* ரத்த சம்பந்தமான உறவில் யாருக்காவது வந்திருந்தால் - 3

5 மார்க் வந்தாலே ஆபத்து அதிகம். நம் கதையில் வரும் அம்மாவுக்கு வயசுக்கு 2, நோய்க்கு 2, ஆபரேஷனுக்கு 2... தியேட்டரை விட்டு வரும்போதே 6! படுக்கையிலேயே கிடத்தி அதை 8 ஆக்கியது நாம்தான்.

கணையம், இரைப்பை, மூளை, சினைப்பை, நுரையீரல் புற்றுநோய்களில் இந்த ஆபத்து கூடுதல். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனில் பொதுவாகக் குறைவு. ஆனால் 'டமாக்ஸிஃபென்' மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்யலாம்?

முதல் வேலை, நடை. டாக்டர் அனுமதித்ததும் கட்டிலில் உட்காரவையுங்கள். பிறகு கைத்தாங்கலாக பாத்ரூம் வரை. அப்புறம் வராந்தா. வலிக்கிறது என்று படுத்துக்கொண்டால், வலிக்கு மருந்து கேளுங்கள், நடையை நிறுத்தாதீர்கள். 'நடந்தா தையல் பிரிஞ்சுடுமோ' என்ற பயம் வேண்டாம். நடப்பதையும் கணக்கில் வைத்துத்தான் தையல் போடுகிறார்கள்.

நடக்க முடியாத நேரத்தில், படுத்தபடியே பாதத்தை முன்னும் பின்னும் மடக்கி நீட்டலாம். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து தடவை. பேரன் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினால் பாட்டி அலுக்காமல் செய்வார்! முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மடக்கியபடியே நீண்ட நேரம் படுக்கவிடாதீர்கள். டாக்டர் கட்டுப்பாடு சொல்லாவிட்டால் தண்ணீர் போதுமான அளவு குடிக்கட்டும்.

சில மருத்துவமனைகளில் காலைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டுவார்கள். அதில் காற்று ஏறி ஏறி இறங்கும். நடக்கிற வேலையை மெஷின் செய்கிறது, அவ்வளவுதான். 'உறுத்துது' என்று கழற்றி வைத்துவிடாதீர்கள். இறுக்கமான ஸ்டாக்கிங்ஸைப் பொறுத்தவரை, சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களும், காலுக்கு ரத்த ஓட்டம் குறைவாக இருப்பவர்களும் கேட்காமல் போடக்கூடாது. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு இவை மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். ரத்தக் கசிவு அபாயம் இருந்து மருந்து கொடுக்க முடியாதவர்களுக்கு இவையே துணை.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் முறையில் ஆபரேஷன் என்றால், கடைசியாக ரத்த உறைவுத் தடுப்பு ஊசி எப்போது போட்டது என்று மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி தேவை.

வீட்டில் ஊசி போடும் முறை

* டிஸ்சார்ஜுக்கு முன்பே நர்ஸிடம் கற்றுக்கொண்டு, அவர் எதிரிலேயே ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.
* தினமும் ஒரே நேரம். காலண்டரில் டிக் அடித்து வாருங்கள்.
* தொப்புளிலிருந்து 2 அங்குலமாவது தள்ளிப் போடவும். இன்று வலது பக்கம் என்றால் நாளை இடது பக்கம். தையல் பக்கம் போக வேண்டாம்.
* தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, ஊசியை நேராக இறக்கவும். போட்ட பிறகு தேய்க்கக்கூடாது. தேய்த்தால் கன்றிப்போகும்.
* டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின், வலி மாத்திரை, நாட்டு மருந்து எதுவும் சேர்க்க வேண்டாம்.
* கிட்னி கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், அளவு மாறும். ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தால் தவறவிடாதீர்கள். சிலருக்கு இந்த ஊசியால் ரத்தத் தட்டுகள் குறையலாம்.
* மலம் கறுத்துப் போவது, சிறுநீரில் ரத்தம், நிற்காத மூக்கு ரத்தம், தையலில் கசிவு... உடனே டாக்டரிடம்.

ஊசிக்குச் செலவாகிறது என்பது உண்மைதான். முடியவில்லை என்றால் பாதியில் தானாக நிறுத்தாமல், டாக்டரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். மாற்று வழி இருக்கலாம்.

ஊருக்குத் திரும்பும்போது...

ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு வந்துவிட்டு, திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ திரும்புகிறவர்கள் நிறையப் பேர். பத்து, பன்னிரண்டு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்காருவது நல்லதல்ல. காரில் என்றால் ஒன்றரை, இரண்டு மணிக்கொரு முறை நிறுத்தி நாலு அடி நடக்க வையுங்கள். ரயிலில் என்றால் பெட்டிக்குள்ளேயே கைத்தாங்கலாக ஒரு நடை. அன்றைய ஊசியை மறக்க வேண்டாம்.

அடுத்த நாள் வரை காத்திருக்காதீர்கள்!

* ஒரு கால் மட்டும் வீக்கம், வலி, சூடு, நிற மாற்றம்
* மருந்துக் குழாய் வைத்த கையில் வீக்கம்
* திடீர் மூச்சுத் திணறல்
* மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல்
* இருமலில் ரத்தம்
* காரணமில்லாத படபடப்பு, மயக்கம்

மூச்சுத் திணறலும் மயக்கமும் வந்தால் 108-க்கு போன் செய்யுங்கள். 'வாயுவா இருக்கும்' என்று சோடா கொடுத்துக் காத்திருக்கிற நேரமல்ல அது. வீங்கிய காலை நீவுவது, உருவிவிடுவது கூடவே கூடாது.

நம் கதையில் வரும் அம்மா சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ரத்தம் மேலும் உறையாமல் இருக்க மருந்தை ஆரம்பித்தார்கள். இப்போது அவருக்கு மாசக்கணக்கில் மருந்து தேவை. மூன்று வார ஊசியை மிச்சப்படுத்தப் போய் வந்த வினை!

அதே சித்திதான் இப்போது தினமும் மாலையில் வந்து, "எழுந்திரு அக்கா, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார். பாசம் அதேதான். இப்போது அது நடந்து போகிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் நாள் குறித்திருக்கிறதா? டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு இந்த மூன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: 'இவருக்கு க்ளாட் வரும் ஆபத்து எவ்வளவு? தடுப்பு மருந்து உண்டா, எத்தனை நாள்? எப்போதிருந்து நடக்கலாம்?'